அட்டவணைக்குப் பின்னால் நிற்கும் படிகள்
பேச்சிப்பாறை மழைக் கணக்கைக் கொண்டு ஒரு பாடம்

நெல் அளவைச் சொல்லக் கேட்டவுடன், அது பச்சை நெல்லின் எடையா, காய்ந்த நெல்லின் எடையா என்று வினவுவது குடியானவர் வழக்கம். கன்னிப்பூ அறுவடை மழையில் அகப்பட்டால் இந்த வினா இன்னும் அவசியமாகிறது. நூற்றுக்கு இருபது பங்கு ஈரமுள்ள நெல் 100 கிலோ என்றால், அதைப் பதினான்கு பங்கு ஈரத்துக்குக் காய வைத்தபின் ஏறக்குறைய 93 கிலோவே நிற்கும். நெல் ஒன்றே, எடை இரண்டு. இடையில் நடந்த காரியத்தை அறிந்தவருக்கே இரண்டு எடையும் மெய் என்பது விளங்கும்.

ஆனால் கணினியில் அச்சாகி வரும் மழைக் கணக்கையோ, அணை நீர்க் கணக்கையோ, விளைச்சற் கணக்கையோ பார்க்கும்பொழுது இவ்வினாவை நாம் எழுப்புவதில்லை. கட்டம் கட்டமாக ஒழுங்குற நிற்கும் எண்களைக் கண்டவுடன் அவை அளந்த இடத்திலிருந்து நேரே வந்தவை என்று நினைத்து விடுகிறோம். உண்மை அவ்வாறன்று. அளந்த எண்ணுக்கும் அச்சிட்ட எண்ணுக்கும் நடுவே பல படிகள் உண்டு. அப்படிகளைத் திறந்து பார்ப்பது எங்ஙனம், பார்த்தால் எவற்றைக் கவனிப்பது என்பவற்றை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

1. இது நமக்கு வேண்டுவது ஏன்?

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறையில் அமைந்த நீர்த்தேக்கம், ஸ்ரீ மூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக்காலத்தில், மிஞ்சின் என்னும் பொறியியலாளரின் மேற்பார்வையில், 1897-ஆம் ஆண்டு தொடங்கி 1906-இல் முடிந்தது. அதன் முழு மட்டம் 48 அடி. துணையாக நிற்கும் பெருஞ்சாணி அணையின் முழு மட்டம் 77 அடி. இவ்விரண்டின் நீரே தோவாளைக் கால், அனந்தனாறு, நாஞ்சில் புத்தனாறு, பத்மநாபபுரம் புத்தனாறு முதலிய கால்வாய்களின் வழியே கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் உயிராக நிற்கிறது.

நீரைத் திறக்கும் நாள், முறை வைத்து விடும் காலம், பயிர்ச் சேதத்துக்கான ஈடு, காப்பீட்டுத் தொகை ஆகிய எதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் மேசையின்மேல் வைக்கப்படுவது ஓர் அட்டவணை. "சராசரி மழை இவ்வளவு", "அணையில் நூற்றுக்கு இவ்வளவு" என்று சொல்லப்பட்டால் எதிரில் அமர்ந்திருக்கும் நிலக்காரர் வாய் திறப்பது அரிதாகி விடுகிறது. அவ்வெண் பிழையானால் கடைமடை வயல் காயும்; இல்லையேல் உரியவருக்கு உரிய ஈடு வாராது போகும். ஆகவே எண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல், அது பிறந்த வழியையும் பார்க்கத் தெரிந்திருத்தல் நலம்.

2. படி என்பது யாது?

மழைமானியில் அன்றாடம் காலை 8.30 மணிக்கு அளவு எடுத்து ஏட்டில் பதிகிறார்கள். அந்த ஏடு கணினியில் ஏற்றப்படுகிறது. பின் வெற்று வரிகள் நீக்கப்படுகின்றன. தேதிப் பத்தி தேதியாகவும், மழைப் பத்தி எண்ணாகவும் குறிக்கப்படுகின்றன. விடுபட்ட இடங்கள் நிரப்பப்படுகின்றன. பழைய அங்குலம் மில்லிமீட்டராக மாற்றப்படுகிறது. ஒரே ஊரின் வரிகள் பிரித்தெடுக்கப்படுகின்றன. ஈற்றில் மாதவாரியாகக் கூட்டப்படுகின்றன. இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு படி.

முற்காலத்தில் இவை குமாஸ்தாவின் கையிலும் கருத்திலும் நடந்தன. தாளைப் பார்த்து இன்னது நடந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. இப்பொழுது பெரும்பாலான அலுவலகங்களில் வழங்கும் எக்செல் என்னும் விரிதாளில், பவர் குவெரி என்ற ஒரு கருவி அமைந்துள்ளது. 2013-இல் இது தனியே சேர்க்கும் கருவியாக வந்தது. எக்செல் 2016 முதல் அதனுள்ளேயே அமைந்து விட்டது. இக்கருவியின் வழியாகச் செய்த காரியம் ஒவ்வொன்றும் செய்த வரிசையிலேயே பெயரிட்டு எழுதி வைக்கப்படுகிறது. ஏட்டில் பிழையான எண்ணைச் சுரண்டி அழிக்காமல், குறுக்கே ஒரு கோடிட்டு, பழைய எண் தெரியும்படி விட்டுத் திருத்துவது நல்ல கணக்கர் முறை. அம்முறைக்கு ஒப்பானது இது.

3. படிகளைத் திறந்து பார்க்கும் முறை

பின்வருமாறு செய்க.

(1) கோப்பின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்நகலையே திறக்க. மூலக் கோப்பில் கை வைத்தல் கூடாது.

(2) மேற்பட்டையில் 'டேட்டா' என்னும் தலைப்பை அழுத்தி, அதில் 'குவெரீஸ் அண்டு கனெக்ஷன்ஸ்' என்பதைத் தெரிந்தெடுக்க. வலப்புறத்தில் ஒரு பலகை தோன்றும். கோப்பில் உள்ள குவெரிகளின் பெயர்கள் அதில் காணப்படும்.

(3) வேண்டிய பெயரின்மேல் இருமுறை அழுத்த, பவர் குவெரியின் சாளரம் திறக்கும். அதன் வலப்பக்கத்தில் 'அப்ளைடு ஸ்டெப்ஸ்' என்னும் தலைப்பின்கீழ், செய்யப்பட்ட படிகள் மேலிருந்து கீழாக நிற்கும். முதற்படி 'சோர்ஸ்', அதாவது மூலம்.

(4) முதற்படியின்மேல் ஒருமுறை அழுத்துக. அட்டவணை அப்படியில் இருந்த நிலையில் நடுவே தோன்றும். பின் ஒவ்வொரு படியாகக் கீழிறங்கி அழுத்துக. எந்தப் படியில் எந்த எண் மாறியது, எந்த வரி மறைந்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

(5) சில படிகளின் பக்கத்தில் சிறு பற்சக்கரக் குறி உண்டு. அதை அழுத்தினால் அப்படிக்கு இட்ட நிபந்தனைகள் தெரியவரும். மேலே சூத்திரப் பட்டையில் அப்படியின் வாசகமும் காணும். 'அட்வான்ஸ்டு எடிட்டர்' என்பதைத் திறந்தால் எல்லாப் படிகளின் வாசகத்தையும் ஒருசேரப் படிக்கலாம்.

(6) படியின் இடப்பக்கத்தில் தோன்றும் பெருக்கற் குறியை அழுத்தலாகாது. அழுத்தினால் அப்படி நீங்கி விடும். பார்த்து முடித்துச் சாளரத்தை மூடும்பொழுது மாறுதலை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று விடை தருக.

(7) நடுவே தோன்றுவது முழு அட்டவணை அன்று, முன்பகுதி மட்டுமே. பத்திகளின் தன்மையைக் காட்டும் குறிப்புகளும் முதல் ஆயிரம் வரிகளையே பார்த்துச் சொல்லப்படுபவை. கீழ்ப்பட்டையில் அவ்வாறு எழுதியிருப்பதைக் காணலாம். அதை அழுத்தி, முழுத் தொகுதியையும் பார்க்கும்படி மாற்றிக்கொள்க. இல்லாவிடில் பல்லாண்டு மழைக் கணக்கில் பின்னாலுள்ள பிழை தட்டுப்படாமற் போகும்.

4. ஒரு பரீட்சைக் கணக்கு

படிகளின் வலிமையை அறிய, பத்து நாள் மழையை எடுத்துக்கொள்வோம். இவ்வெண்கள் பாடத்துக்காக எழுதப்பட்டவை. பேச்சிப்பாறையின் பதிவுகள் அல்ல.

நாள் 1: 12 மி.மீ.
நாள் 2: 0
நாள் 3: பதிவு இல்லை
நாள் 4: 30
நாள் 5: 8
நாள் 6: பதிவு இல்லை
நாள் 7: 0
நாள் 8: 30
நாள் 9: 20
நாள் 10: 0

அளவு எடுத்தவை எட்டு நாட்கள். மொத்தம் 100 மி.மீ. எனவே நாட்சராசரி 12.5 மி.மீ.

இனி, ஒருவர் பதிவில்லாத இரண்டு இடத்திலும் 0 என்று நிரப்புகிறார். படிகளின் வரிசையில் இது 'ரிப்ளேஸ்டு வேல்யூ' என்று நிற்கும். மொத்தம் அதே 100. ஆனால் நாட்கள் பத்து. சராசரி 10 ஆகக் குறைகிறது. மழை பெய்யவில்லை என்பதும், பெய்ததோ இல்லையோ அளக்கவில்லை என்பதும் வெவ்வேறு. கன மழையில் மழைமானி இருக்குமிடத்துக்குப் போக முடியாமற் போன நாளாகவும் அது இருக்கலாம். அந்நாளை வறண்ட நாளாக எழுதுவது பெரும் பிழை.

வேறொருவர், ஒரே வரி இருமுறை ஏறியிருக்கும் என்று எண்ணி, மழைப் பத்தியை மட்டும் வைத்து இரட்டை நீக்கம் செய்கிறார். இது 'ரிமூவ்டு டூப்ளிகேட்ஸ்' எனப்படும். உடனே எட்டாம் நாளின் 30 போய் விடுகிறது. பின்வந்த சுன்னங்களும் போகின்றன. பதிவில்லாத இரண்டில் ஒன்றும் போகிறது. மிஞ்சிய ஐந்து எண்களின் மொத்தம் 70, சராசரி 14.

மூன்றாமவர் இரண்டு காரியத்தையும் செய்கிறார். முதலில் 0 நிரப்பிப் பின் இரட்டை நீக்கினால் அவருக்குக் கிடைப்பது 14. முதலில் இரட்டை நீக்கிப் பின் 0 நிரப்பினால் ஆறு வரிகளும் 70 மி.மீட்டரும் நின்று சராசரி 11.7 ஆகிறது. செய்த காரியங்கள் அவையே. வரிசை மாறியதால் விடை மாறிற்று.

ஆக, ஒரே பத்து நாளுக்கு 12.5, 10, 14, 11.7 என நான்கு சராசரிகள் கிடைக்கின்றன. அச்சிட்ட தாளில் நான்கும் ஒரே அழகுடன் நிற்கும். எது தகும் என்பதைத் தாள் சொல்லாது, படிகளே சொல்லும்.

5. கண் வைக்க வேண்டிய இடங்கள்

தேதி: நாம் நாளை முதலிலும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். அமெரிக்க வழக்கில் மாதம் முதலில் வரும். அவ்வழக்கில் அமைந்த கணினியில் நமது ஜூன் மாதத் தேதிப் பத்தியைத் தேதியாக மாற்றினால், 5/6 என்பது மே மாதம் ஆறாந் தேதி ஆகி விடும். 13/6 முதல் 30/6 வரை உள்ள பதினெட்டு வரிகள், பதின்மூன்றாம் மாதம் இல்லாமையால், பிழை என்று காட்டும். 'சேஞ்சுடு டைப்' என்ற படியை அடுத்து 'ரிமூவ்டு எரர்ஸ்' என்ற படியும் இருந்தால் அப்பதினெட்டு வரிகளும் ஒழிந்தன என்று அறிக. முப்பது நாளில் தன் மாதத்தில் சரியாக நிற்பது 6/6 ஒன்றே. ஜூன் மழை பொய்த்தது என்று அட்டவணை சொல்லும். பொய்த்தது மழையன்று, தேதி.

காலை அளவு: காலை 8.30 மணிக்கு எடுத்த அளவு, அதற்கு முந்தின 24 மணி நேர மழையைக் குறிக்கும். ஆதலின் ஜூன் முதல் தேதியில் பதிந்த மழையின் பெரும்பகுதி மே 31-ஆம் தேதி பெய்ததாயிருக்கலாம். ஒரு தொகுதியில் தேதியை ஒருநாள் முன் தள்ளியும் மற்றொன்றில் தள்ளாமலும் வைத்து, மழையையும் அணை மட்டத்தையும் ஒப்பிட்டால் கணக்கு ஒட்டாது.

ஊர்ப்பெயர்: ஓரிடத்தில் 'பேச்சிப்பாறை' என்றும், வேறிடத்தில் ஒற்று இன்றிப் 'பேச்சிபாறை' என்றும் எழுதியிருந்தால் கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். 'ஃபில்டர்டு ரோஸ்' என்ற படியில் ஒரு பெயரை மட்டும் தெரிந்தெடுத்திருப்பின் மற்றப் பெயரில் எழுதிய மழை முழுவதும் விடுபடும்.

ஆண்டு: திருவாங்கூர் அரசின் பழைய பதிவுகள் கொல்லம் ஆண்டில் உள்ளவை. சிங்கம் முதல் டிசம்பர் முடிய உள்ள காலத்துக்கு 824-ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் முடிய உள்ள காலத்துக்கு 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பெரியோர் சொல்லும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் 1099 கர்க்கடகத்தில், அதாவது 1924 ஜூலையில் நிகழ்ந்தது. எல்லா மாதத்துக்கும் 824-ஐயே கூட்டும் படி இருந்தால் அவ்வெள்ளம் 1923-க்குப் போய் விடும். தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் வழங்கும் பசலியோ ஜூலையில் தொடங்குகிறது. 1434-ஆம் பசலி 2024 ஜூலையில் பிறந்தது. இம்மாவட்டம் 1956 நவம்பர் முதல் தேதி தமிழ்நாட்டோடு இணைந்ததாகையால், நெடுங்காலத் தொகுதியில் இவ்விரு முறையும் கலந்து வரக் கூடும்.

அணை நீர்: 48 அடி அணையில் 24 அடி நின்றால் நூற்றுக்கு ஐம்பது என்று சொல்வோர் உண்டு. அது மட்டத்தின் பாதியே ஒழிய நீரின் பாதி அன்று. அடியில் குறுகி மேலே விரியும் பாத்திரத்தில் பாதி உயரத்துக்கு ஊற்றிய நீர் பாதிக்கு மிகவும் குறைவு. நேர்க்கூம்பாயின் எட்டில் ஒரு பங்கே. ஆதலின் அடியைக் கன அடியாக்க, அணைக்கென அளந்து தயாரித்த கொள்ளளவுப் பட்டியல் வேண்டும். படிகளின் வரிசையில் 'மெர்ஜ்டு குவெரீஸ்' என்ற படி இருந்து, அது அப்பட்டியலைச் சேர்க்கின்றதா என்று பார்க்க. இருந்தால், அப்பட்டியல் எந்த ஆண்டின் அளவையிலிருந்து எடுத்தது என்றும் கேட்க. வண்டல் படியப் படியப் பழைய பட்டியல் நீரை மிகுத்துக் காட்டும்.

6. கற்றோர்க்கும் நேர்ந்த தவறு

இத்தகைய பிழை கிராமக் கணக்கில் மட்டும் நேர்வதன்று. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இருவர் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கடன் பெருத்த நாடுகளில் பொருளாதார வளர்ச்சி சராசரியாக நூற்றுக்கு 0.1 பங்கு தேய்வதாக அதில் ஒரு கணக்கு இருந்தது. பல தேசங்களில் அரசுச் செலவைக் குறைக்க வேண்டுமென்று வாதித்தோர் இக்கட்டுரையை எடுத்துக் காட்டினர்.

2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்னும் மாணவர் அவ்வறிஞர்களிடமிருந்தே அந்த விரிதாளைக் கேட்டுப் பெற்றுத் திறந்து பார்த்தார். சராசரிக்கான சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிகளைச் சேர்க்காமல் விட்டிருந்தது. வேறு சில ஆண்டுகள் விடுபட்டதையும், நாடுகளுக்குக் கொடுத்த எடையையும் சேர்த்துத் திருத்தியபொழுது, ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர் இருவரும் கண்ட விடை 2.2 பங்கு வளர்ச்சி. சூத்திரப் பிழையை அவ்வறிஞர்களும் ஒப்புக்கொண்டனர். அச்சிட்ட பக்கத்தை எத்தனை முறை படித்திருந்தாலும் இது வெளிவந்திராது; தாளைத் திறந்ததால் வெளிவந்தது. கேட்டவருக்குத் தாளைக் கொடுத்ததும் இங்கு மெச்சத்தக்கதே.

7. நீக்கம் எல்லாம் பிழையன்று

படிகளில் ஒரு நீக்கத்தைக் கண்டவுடன் சூது என்று கூவுதல் தகாது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வரம்பு விளைச்சலைக் கணிக்க, சென்ற ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை எடுத்து, அதை ஈட்டு விகிதத்தால் பெருக்குவது விதி. குறைந்த இரண்டு ஆண்டுகள் அங்கே விதிப்படி நீக்கப்படுகின்றன. அது உழவருக்கு அனுகூலமானதும் கூட. ஆகவே கேட்க வேண்டுவது, "ஏன் நீக்கினீர்?" என்பது மட்டுமன்று, "எந்த விதியின்படி நீக்கினீர், அது எந்தப் படியில் உள்ளது?" என்பதாம். விதியும் படியும் ஒத்திருந்தால் ஐயம் நீங்கும்.

8. படிகள் காணாவிடில்

சில கோப்புகளில் குவெரிப் பலகை வெறுமையாக இருக்கும். எண்களை மட்டும் நகலெடுத்து ஒட்டியிருந்தாலும், எளிய எழுத்துக் கோப்பாக மாற்றி அனுப்பியிருந்தாலும் படிகள் உடன் வாரா. அப்பொழுது மூலக் கோப்பையே வேண்டிப் பெறுதல் வேண்டும். மூல ஏடு வேறு கணினியில் இருப்பதால் படியை அழுத்தியதும் பிழை காட்டுவதுண்டு. அப்பொழுதும் படிகளின் பெயரையும் வாசகத்தையும் படிக்கலாம்.

ஒன்றை மறத்தல் ஆகாது. மூல ஏட்டில் கையால் மாற்றி எழுதிய எண்ணுக்குப் படி இல்லை. ஏற்றுவதற்கு முன்பே நேர்ந்த பிழையைப் பவர் குவெரி காட்டாது. அதற்கு மழைமானி ஏட்டையே எடுத்துச் சில நாட்களின் எண்களை ஒத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

9. கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

அட்டவணை தயாரிப்போர் பின்வருவனவற்றைக் கைக்கொள்வாராயின் வழக்கும் வீண் சொல்லும் பெரிதும் குறையும்.

மூலப் பதிவை ஒருபொழுதும் மாற்றாமல் தனியே வைக்க. திருத்தம் எல்லாம் படியாக மட்டும் நிகழ்க.

ஒவ்வொரு படிக்கும் விளங்கும் பெயர் இடுக. படியின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்டீஸ்' என்பதில் காரணத்தை ஒரு வரியில் எழுதி வைக்கலாம். "மழைமானி பழுது, ஆறாம் நாள் அளவில்லை" என்ற ஒரு வரி, பின்னாளில் வரும் அலுவலருக்குப் பெருந்துணையாகும்.

அளவில்லாத நாளில் 0 எழுதற்க. வெற்றிடமாகவே விடுக. அச்சிடும்பொழுது எத்தனை நாள் அளவில்லை என்பதையும் சேர்த்து அச்சிடுக.

இரட்டை வரி நீக்கும்பொழுது ஊர், தேதி, அளவு மூன்றும் ஒத்தவற்றையே நீக்குக.

கூட்டத்துக்கு எடுத்துச் செல்லும் தாளோடு, படிகள் அடங்கிய கோப்பையும் வைத்திருந்து, கேட்டவர்க்குக் காட்டுக.

10. நிலக்காரர் கேட்கத்தக்கவை

கணினி பழகாத நிலக்காரரும் ஐந்து வினாக்களைக் கேட்கலாம். மூலம் எது? எத்தனை வரிகள் வந்தன, எத்தனை நின்றன? அளவில்லாத நாளை என்ன செய்தீர்கள்? எந்த அலகிலிருந்து எந்த அலகுக்கு மாற்றினீர்கள்? படிகளைத் திறந்து காட்ட இயலுமா? வீட்டில் படித்த பிள்ளைகள் இருப்பின் இம்முறையை அரை நாளில் அவர்கள் கற்றுக்கொள்வர். கூட்டத்துக்கு அவர்களை உடனழைத்துச் செல்வதில் குறைவில்லை.

கால்வாயில் நீர் குறைந்தால் கடைமடைக்காரர் வீட்டிலிருந்தபடி குறை சொல்வதில்லை. மண்வெட்டியைத் தோளில் இட்டுக் கரையோடு மடை மடையாக ஏறி, எங்கே உடைப்பு, எங்கே அடைப்பு என்று தலைமடை வரையில் பார்த்து வருகிறார். அட்டவணையின் கடைசி எண் குறைவாகத் தோன்றும்பொழுதும் அவ்வாறே படிப்படியாக ஏறி மூலம் வரையில் பார்த்து வருதல் வேண்டும். அடுத்த நீர் திறப்புப் பேச்சுக்கு முன், தம் கால்வாய்க்குரிய மழைக் கணக்கையோ அணைக் கணக்கையோ ஒன்றை வாங்கி, மேற்கூறிய முறைப்படி ஒருமுறை திறந்து பார்ப்பாராக.